நிறம் போனால் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் சாப்பாடு ஆறிவிடும்" என்று செயலாளர் அண்ணன் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷமாகத் திருப்பூரில் சாயக்கழிவு நீர்ச் சுத்திகரிப்பு வேலையில் இருக்கிறேன். நம் துறையின் இறுதியாண்டு மாணவர்கள் சிலர், வெயிலையும் தாவரக் கழிவையும் வைத்துச் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யும் புராஜெக்ட் எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல தலைப்பு. அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஊர்க் கதை. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டப்பட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணை, சில வருஷங்களிலேயே சாயத்தண்ணீர் தேங்கும் குளமாகிவிட்டது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு நீர் ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரிந்தது நிறம். மண்ணையும் கிணற்றையும் பாழாக்கியதில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு.

உப்பு எங்கிருந்து வந்தது? பனியன் துணிக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது பருத்தியில் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலேயும் போடுவார்கள். கடல் நீரிலேயே சுமார் 35 கிராம்தான், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உப்பைத் துணி எடுத்துக்கொள்வதில்லை. துணியில் ஒட்டாத சாயத்தோடு சேர்ந்து அப்படியே தண்ணீரில் போகிறது.

இனி ஒளி வினையூக்கிக்கு வருவோம். டைட்டானியம் டை ஆக்சைடு நமக்குப் புதிய சரக்கு இல்லை. வெள்ளைப் பெயிண்டில் இருப்பது அதுதான். அதன் மூலக்கனிமமான இல்மனைட், குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே இருக்கிறது. இந்தப் பொருளின் மேல் ஒளி பட்டால் தண்ணீர் பிரிகிறது என்று 1972-ல் ஜப்பானின் ஹோண்டாவும் புஜிஷிமாவும் எழுதினார்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான் ஒன்று துள்ளி மேலே போகிறது; கீழே ஒரு காலியிடம் விழுகிறது. அந்தக் காலியிடம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் ராடிகலை உண்டாக்குகிறது. எதிரில் வந்த சாய மூலக்கூறையெல்லாம் அது கடித்துக் குதறிவிடும். முழுசாக முடிந்தால் மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், கொஞ்சம் தாது உப்பு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூமிக்கு வரும் வெயிலில் புற ஊதா சுமார் 5 சதவீதம்தான். கறுத்த சாயத்தண்ணீருக்குள் ஒளி இறங்காது. தண்ணீரிலுள்ள குளோரைடும் கார்பனேட்டும் அந்த ராடிகலை வழியிலேயே மடக்கிவிடும். மாவு போன்ற தூளைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரிப்பதும் தனி வேலை.

தாவரக் கழிவின் வழி வேறு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், தென்னை நார்க்கழிவு எல்லாவற்றையும் வைத்துச் சாயத்தை உறிஞ்சவைத்துக் காட்டினார்கள். நம் பக்கம் தென்னை நார்க்கழிவுக்கா பஞ்சம்? ஆனால் உறிஞ்சுவது வேறு, அழிப்பது வேறு. சாயம் தண்ணீரை விட்டு நாருக்குப் போகிறது, அவ்வளவுதான். அந்த நாரை எங்கே கொட்டுவது?

இரண்டையும் சேர்ப்பதில்தான் அழகு. நார்க்கழிவைக் கரியாக்கி, அதன் மேல் வினையூக்கியைப் படியவைத்தால், கரி சாயத்தைப் பிடித்து வைக்கும், ஒளி அதை அங்கேயே அழிக்கும். தூளை வடிகட்டுவதும் சுலபமாகும். ஆராய்ச்சிக்கூடங்களில் இது நடக்கிறது.

சரி, உப்பு? அது அப்படியேதான் இருக்கும். ஒளியும் அதை அழிக்காது, கரியும் பிடிக்காது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் கரிக்கும். நீர்நிலைகளில் விட, கரைந்த உப்புக்கான வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். நிறம் போன தண்ணீரை வாய்க்காலில் விட்டால் ஒரத்துப்பாளையம் இரண்டாம் பாகம்தான். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும், அதன் பின் ஆவியாக்கி வேண்டும். இரண்டும் கரண்டும் விறகும் தின்னும். நம் முறைக்கு உரிய இடம் ஆர்.ஓ.வுக்கு முன்னால். கரிமக் கழிவைக் குறைத்துக் கொடுத்தால் மெம்பரேன் அடைபடுவது குறையும். அதேபோல, மீட்ட உப்புநீரில் நிறத்தை எடுத்தால் அதையே மறுபடி சாயம் போடப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ.வுக்கு மாற்று என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

தம்பி தங்கைகளுக்கு நாலு கேள்வி. எந்தச் சாயத்தை வைத்துச் சோதித்தீர்கள்? பலர் மெத்திலீன் புளூ எடுக்கிறார்கள். அது நேர் மின்னேற்றம் உள்ளது; நார் பெரும்பாலும் எதிர் மின்னேற்றம், உடனே ஒட்டிக்கொள்ளும். ரியாக்டிவ் சாயமோ எதிர் மின்னேற்றம், விலகி ஓடும். இரண்டாவது, உப்புப் போட்டுச் சோதித்தீர்களா? மூன்றாவது, நிறத்தோடு நிறுத்தாமல் சி.ஓ.டி.யும் அளந்தீர்களா? நிறம் போனாலும் உடைந்த துண்டுகள் தண்ணீரில் இருக்கலாம். சில அசோ சாயங்கள் உடையும்போது வரும் அமீன்களில் நஞ்சானவையும் உண்டு. நாலாவது, ஒரே கரியை எத்தனை தடவை பயன்படுத்தினீர்கள்?

இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களில் நாலைந்து பேருக்காவது சாயத்தொழிலோடு தொடர்பு உண்டு. வருஷத்துக்கு இரண்டு கேன் உண்மையான சாயத்தண்ணீரை, எந்தச் சாயம், எவ்வளவு உப்பு என்று சீட்டு எழுதி ஒட்டி, நம் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். உங்களுக்குப் பத்துப் பைசா செலவில்லை. பிள்ளைகளுக்கு அதுதான் பாடம். நொய்யல் ஓரத்து விவசாயிகளுக்கு நம் கல்லூரி ஏதாவது செய்யும் என்றால், அந்த இரண்டு கேனில்தான் அது தொடங்கும்.

சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.