கதையில் ஒரு கார்சன், வரலாற்றில் ஒரு கார்சன்



குதிரையும் துப்பாக்கியும் நிறைந்த கதைப் புத்தகத்தை மாணவன் கையில் கண்டால், "பாடத்தைப் படி" என்று கடிந்துகொள்வது ஆசிரியர் வழக்கம். பசியாவரத்து மீனவப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டுகள் பாடம் சொன்ன நான், அத்தகைய கதைகளை எழுதி மறைந்த ஒருவரை இன்று நினைவுகூர விரும்புகிறேன்.

அவர் பெயர் ஜியான் லூயிஜி பொனெல்லி. இத்தாலியின் மிலான் நகரில் 1908ஆம் ஆண்டு பிறந்து, 2001ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் மறைந்தார். வீரதீர நாவல்களும் எழுதியவர். எனினும், 1948இல் ஓவியர் கல்லெப்பினியுடன் கூடிப் படைத்த டெக்ஸ் வில்லர் என்னும் வீரனே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தான். சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் வாயிலாக அவ்வீரன் தமிழும் பேசுகிறான்.

அமெரிக்க மேற்குப் பகுதியைப் பற்றிய அக்காலக் கதைகள் பலவற்றில், அம்மண்ணின் தொல்குடியினர் கொடியவராகவே வருவர். பொனெல்லியோ தம் நாயகனை நவஹோ குடியின் மருமகனாக்கினார். பின்னர் அக்குடியின் தலைவனாகவும் உயர்த்தினார். 'இரவுக் கழுகு' என்பது அவர்கள் அவனுக்கு இட்ட பெயர். நிலம் இழந்தோரின் பக்கம் நின்று நீதி கேட்கும் வீரனை அவர் படைத்தார். இது அவருடைய பெருமை.

ஆயினும், கதையோடு வரலாற்றையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். டெக்ஸின் உயிர்த்தோழனாகக் கதையில் வருபவர் கிட் கார்சன். அப்பெயருடைய மனிதர் உண்மையில் வாழ்ந்தவர். 1863-64ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படையுடன் சென்று, நவஹோ மக்களின் பயிர்களையும் பழமரங்களையும் அழித்து, அவர்களைப் பணியச் செய்தவர் அவரே. ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ 300 மைல் தொலைவு நடத்திச் செல்லப்பட்டனர். பலர் வழியிலும் முகாமிலும் மாண்டனர். 1868இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகே எஞ்சியோர் தாயகம் திரும்பினர்.

பொனெல்லியின் நல்லுள்ளத்தை இது குறைக்காது. ஆனால் ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. அயலார் எத்துணை அன்போடு எழுதினாலும், ஒரு மக்களின் துயரத்தை முழுமையாகச் சொல்ல வேண்டியவர் அம்மக்களே.

நம் பழவேற்காட்டு ஏரியை எண்ணிப் பாருங்கள். டச்சுக்காரர் இங்கே கோட்டை கட்டியதைப் பாடநூலில் படிக்கிறோம். ஏரியில் எவர், எந்த நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என முறை வகுக்கும் 'பாடு' என்னும் வழக்கத்தை எத்தனை நூல்களில் காண்கிறோம்? அதன் நியாயமும், அதனால் எழும் வழக்கும், முறை கிட்டாத வீட்டின் ஏக்கமும் கதைகள் அல்லவா?

மாணவச் செல்வங்களே, பொனெல்லியை மகிழ்ந்து படியுங்கள். நாயகன் எவர் பக்கம் நிற்கிறான் என்று கேட்டுப் படியுங்கள். வரலாற்று நூலையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் பாட்டன் பாட்டியிடம் கேட்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.