பச்சைப் புள்ளியும் கருவாட்டு வாசமும்

(சேரிப் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளிகளில் பாடம் சொல்லித்தரும் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'குழந்தைகளும் நல்ல உணவும்'. தலைப்பைப் பார்த்ததுமே நம்ம தோழர் ஒருத்தர் சிரித்தார். 'கஞ்சிக்கே வழியில்லாதவன்கிட்ட போய் சத்துக் கணக்கா?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் அதற்குப் பதில் இருக்கிறதா என்று பேச்சு முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள். நான் டாக்டர் இல்லை. எட்டு வருஷமாக எங்கள் தெருவில் மாலைப் பள்ளி நடத்துகிறவன். பிள்ளைகளிடம் கற்றதையும், சில இடங்களில் தோற்றதையும் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன். அம்மா காலையில் களியும் கருவாட்டுக் குழம்பும் டிபன் டப்பாவில் போட்டுக் கொடுப்பார். திறக்காமலே திருப்பிக் கொண்டுவருவான். வழியில் கடையில் ஐந்து ரூபாய்க்கு மசாலா சிப்ஸ். நானும் எல்லா வாத்தியாரும் செய்கிற மாதிரி, 'அதெல்லாம் குப்பைடா, வீட்டுச் சாப்பாடுதான் உடம்புக்கு நல்லது' என்று அரைமணி நேரம் உபதேசம் பண்ணினேன். முடித்ததும் அவன் சொன்னான்: 'டப்பாவத் தொறந்தா நாத்தம் அடிக்குதுன்னு மூக்கப் பொத்திக்கிறாங்க சார். பாக்கெட்ட ஒடைச்சா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. எனக்கும் குடுடான்னு கை நீட்டுறாங்க.'

அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. நம்ம வீட்டுக் குழம்பைத் தொடாத கை, அவன் நீட்டுகிற பாக்கெட்டில் நுழைகிறது. காரணம் என்ன? அதை யார் செய்தது, எந்தக் கை கிளறியது என்று பாக்கெட்டில் தெரியாது. இயந்திரம் ஒட்டிய உறைக்குச் சாதி கிடையாது. அந்தப் பிள்ளை ஐந்து ரூபாய் கொடுத்து உருளைக்கிழங்கு வறுவல் வாங்கவில்லை. கொஞ்ச நேரத்து மரியாதையை வாங்கியிருக்கிறான். அதைப் புரிந்துகொள்ளாமல் 'குப்பை, குப்பை' என்று கத்தினால் நம்ம பேச்சு அவன் காதில் ஏறாது.

நமக்குச் சாப்பாடு ஒருநாளும் வெறும் சத்து விஷயமாக இருந்ததில்லை. 1936-இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா என்கிற கிராமம். தீர்த்த யாத்திரை போய்வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தன் மக்களுக்கு விருந்து வைத்தார், நெய்யில் சமைத்து. விருந்து நடக்கும்போதே சாதி இந்துக்கள் தடியோடு வந்து சாப்பாட்டை நாசம் பண்ணி, சாப்பிட்டவர்களை அடித்தார்கள். குற்றம், நெய் சாப்பிட்டது. 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் இதைப் பதிவு செய்திருக்கிறார். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். நல்லதைச் சாப்பிட்டாலும் குற்றம், நல்லதாகச் சமைத்துப் போட்டாலும் குற்றம். இந்த வரலாற்றை விட்டுவிட்டு வைட்டமின் ஏ, பி, சி என்று தொடங்குவது நம்ம பள்ளிக்கு ஆகாது.

பிறகு பாடத்தை மாற்றினோம். பிள்ளைகளிடம், 'நீங்க தின்ன பாக்கெட் உறையத் தூக்கிப் போடாம எடுத்துட்டு வாங்க' என்றேன். ஒரு வாரத்தில் ஒரு கோணிப்பை நிறைந்தது. தெருவும் சுத்தமாச்சு! உறைகளைத் தரையில் பரப்பி, 'இதுல முதல்ல என்ன தெரியுது?' என்று கேட்டேன். ஒரு பெண்பிள்ளை சதுரத்துக்குள்ளே இருந்த பச்சைப் புள்ளியைக் காட்டி, 'பச்சைன்னா நல்லது, பழுப்புன்னா கெட்டது, அதானே சார்?' என்றாள்.

அந்தப் பிள்ளை தப்பாகப் படிக்கவில்லை. அரசாங்கம் எழுதிவைத்ததை அப்படியே படித்தாள். சிக்னலில் பச்சை என்றால் போகலாம் என்றுதானே சொல்லித்தருகிறோம்? 2001 முதல் இந்த நாட்டில் உணவுப் பாக்கெட்டில் சைவம், அசைவம் என்று குறி போடவேண்டும் என்பது சட்டம். உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கிறது. முன்பக்கம், கண்ணில் படுகிற இடத்தில், இதில் மாமிசம் கலந்திருக்கிறதா என்பதுதான் இருக்கிறது. பால் பச்சை, முட்டை பழுப்பு. பாமாயிலில் பொரித்து உப்பைக் கொட்டிய வறுவல் பச்சை, நெத்திலிக் கருவாடு பழுப்பு. எது உடம்பைக் கெடுக்கும் என்பதைவிட எது தீட்டு என்பதுதான் இந்தச் சமூகத்துக்கு அவசரமான தகவல். மாமிசம் தின்னாதவருக்கு அந்தத் தகவல் வேண்டும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது ஆரோக்கியக் குறி இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது பின்பக்கம். இதை எப்படிச் சொல்லித்தருவது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலாவது, சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதவேண்டும், அப்புறம் இறங்குவரிசையில் மற்றவை. இது சட்டம். படம் பசுமாடும் பால் தம்ளருமாக இருக்கும். பட்டியலைப் பார்த்தால் மைதா, சர்க்கரை, பாமாயில். பால் பவுடர் கடைசியில் எங்கோ ஒண்டிக்கொண்டிருக்கும். படத்தையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கிற குஷியே தனி.

இரண்டாவது, சர்க்கரையின் மாறுவேடங்கள். லிக்விட் குளுகோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சர்க்கரை வகைதான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு மாவுப்பொருள், அதுவும் உடம்புக்குள் போனால் குளுகோஸ்தான். 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கலர் குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சாதாரணம். 250 மில்லி பாட்டில் என்றால் ஆறு ஸ்பூனுக்கு மேல். வாயால் சொல்லாதீர்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் பிள்ளைகள் கையாலேயே ஆறு ஸ்பூன் அள்ளிப் போடச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் நாலாவது ஸ்பூனிலேயே 'போதும் சார்' என்று கத்தினார்கள்.

மூன்றாவது, உப்பு. உறையில் உப்பு என்று எழுதமாட்டார்கள், சோடியம் என்று எழுதுவார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. எங்கள் பிள்ளைகள் கொண்டுவந்த ஒரு நூடுல்ஸ் உறையில் 100 கிராமுக்கு 1,100 மில்லிகிராம் சோடியம். பாக்கெட் 70 கிராம். அப்படியானால் 770 மில்லிகிராம். உப்பாகக் கணக்கிட்டால் இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெரியவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பையன்கள் இதில் பெருக்கலும் விகிதமும் கற்றுக்கொண்டார்கள், அது தனி லாபம். உறையில் 'தினசரித் தேவையில் இத்தனை விழுக்காடு' என்று போட்டிருப்பதும் 2,000 கலோரி தேவைப்படுகிற பெரியவர் கணக்கு. எட்டு வயசுப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

நான்காவது, மொழி. இந்த விவரமெல்லாம் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழில் போடலாம், போட்டே ஆகவேண்டும் என்பதில்லை. காசு கொடுத்து வாங்குகிற நம்ம அம்மாவுக்குப் படிக்கிற உரிமை இல்லை. ஒரு காலத்தில் படிக்கவே கூடாது என்றார்கள், இப்போது படிக்கத் தெரிந்த மொழியில் எழுதமாட்டேன் என்கிறார்கள்.

சிலி நாட்டில் 2016-இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி எது அளவுக்கு மீறினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணத்தில் எச்சரிக்கை. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் கறுப்பு முத்திரை தெரியும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் ஒரு வரைவு வெளியிட்டது. அதில் எச்சரிக்கை இல்லை, நட்சத்திரம் போடுகிறார்களாம்! நட்சத்திரம் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பது தோழர்களே. கெடுதலுக்கு அரை நட்சத்திரம் கொடுத்தாலும் பிள்ளை அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இப்போது நான் தோற்ற இடத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். ஒரு அம்மா எழுந்தார். 'நீ சொல்றதெல்லாம் சரிதான் தம்பி. நான் விடியக்காலம் நடவுக்குப் போனா பொழுது சாய வர்றேன். புள்ள அஞ்சு மணிக்குப் பசிக்குதுன்னு அழும்போது அந்த அஞ்சு ரூவாதான் எனக்குக் கைகொடுக்குது. அத வாங்காதன்னா நீ என்ன குடுக்கப்போற?' உட்கார்ந்துவிட்டார். ஆரம்பத்தில் நம்ம தோழர் கேட்டதும் இதே கேள்விதான்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு ஒரு பிடி பயறு வாங்கி, மாலைப் பள்ளியில் வாரம் மூன்று நாள் சுண்டல் போட ஆரம்பித்தோம். வேலையில்லாத மழைக்காலத்தில் இரண்டு மாதம் நின்றும் போனது. அந்தப் பெட்டிக்கடை நடத்துவதும் நம்ம தெருவில் புருஷனை இழந்த அக்காதான். அவரை எதிரியாக்கவில்லை. வேகவைத்த கடலையும் கடலை உருண்டையும் வைக்கச் சொன்னோம், வைத்திருக்கிறார். சிப்ஸ் சரமும் பக்கத்திலேயே தொங்குகிறது. உள்ளதைத்தானே சொல்லவேண்டும்?

ஆக, உறையைப் படிப்பது பாதி வேலை. மீதி பாதி, நம்ம சட்டியைப் படிப்பது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. தீட்டிய அரிசியில் பத்துக்குப் பக்கம்தான். ஈரல், ரத்தப் பொரியல், மாட்டுக்கறி இவற்றில் உள்ள இரும்புச்சத்தைக் கீரையில் உள்ளதைவிட உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நாடு முழுக்க 67.1. ரத்தமில்லாத பிள்ளைகள் நிறைந்த நாட்டில் ரத்தம் ஊறவைக்கிற சாப்பாட்டை இழிவு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கிற 'சரிவிகித உணவு' படத்தில் ஆப்பிள் இருக்கும், மாட்டுக்கறி இருக்காது. அந்தப் படத்தை உங்கள் பிள்ளைகளை வைத்துத் திரும்ப வரையுங்கள்: நத்தை, வயல்நண்டு, கருவாடு, முருங்கைக்கீரை, கூழ். அதேசமயம் நம்ம சாப்பாடு எல்லாமே நல்லது என்று கொடி பிடிக்கவும் வேண்டாம். கருவாட்டிலும் உப்பு அதிகம், நன்றாக அலசிப் போடவேண்டும் என்பதையும் அதே பாடத்தில் சொல்லுங்கள்.

கோரிக்கைகளும் உண்டு. 1989-இல் பதினைந்து நாளைக்கு ஒன்று என்று சத்துணவில் வந்த முட்டை, பிறகு வாரத்துக்கு ஐந்தாக ஆனது. அது யாருடைய சைவ உணர்வுக்காகவும் குறையக் கூடாது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020-இல் விதி போட்டார்கள். உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். எச்சரிக்கை முன்பக்கத்தில், தமிழில் வேண்டும் என்று மனு எழுதுங்கள். பிள்ளைகளே எழுதட்டும்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். போன மாதம் மாலைப் பள்ளிக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து நடுவில் வைத்துத் திறந்தான். இருபது கை விழுந்தது, அவனுக்கே மிஞ்சவில்லை. பள்ளிக்கூடத்தில் இன்னும் திறக்கவில்லை. அங்கே அவனைத் தனியாகத் திறக்கச்சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டியது நாங்கள்தான். அடுத்த வாரம் நாலு பேராகப் போகிறோம்.

மத்தியான அமர்வுக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு காலி உறை எடுத்து வாருங்கள். ஸ்பூனும் சர்க்கரையும் நான் கொண்டுவந்திருக்கிறேன்.