வீடியோ திக்குகிறதா? பெட்டியை மாற்றும் முன்...
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். சிற்றுண்டி வரும்வரை என்று அதற்குப் பொருள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே கணக்கு டேலி ஆகாவிட்டால் வித்தியாசம் எந்த லெட்ஜரில் இருக்கிறது என்று தேடுவோம். லெட்ஜரையே தூக்கிப் போட மாட்டோம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ விட்டு விட்டு ஓடினால், "சிஸ்டம் பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். நம் குடியிருப்பில் ஒருவருக்கு ஒரு கடையில் நாற்பதாயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். அவருக்கு வேண்டியது மாலையில் ஒரு கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் வீடியோ. பென்ஷன்காரருக்கு நாற்பதாயிரம் சின்னத் தொகையா, நீங்களே சொல்லுங்கள்.

முதலில் கோளாறு நெட்டிலா, பெட்டியிலா என்று பாருங்கள். படமும் சத்தமும் சேர்ந்து நின்று, நடுவில் வட்டம் சுற்றினால் பெரும்பாலும் நெட். சத்தம் சீராக ஓட, படம் மட்டும் வெட்டி வெட்டிப் போனால் பெட்டி. இதை முதலில் பார்க்காமல் நெட் பிளானை உயர்த்திக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. 1080பி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். நம் வீடுகளில் 50க்குக் குறைந்து யாரும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

நெட்தான் என்றால், நம் போன்ற அடுக்குமாடியில் இன்னொரு காரணமும் இருக்கலாம். பழைய கம்ப்யூட்டர்களின் வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு மாடியில் ஆறு வீடு, ஆறு ரவுட்டர். மேலே, கீழே வேறு. மூன்று கவுன்ட்டரில் இருபது பேர் நின்றால் என்ன ஆகும்? ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துப் பாருங்கள். அதோடு சரியானால் வேறு எதையும் தொட வேண்டாம்.

இனி பெட்டி. 2012இல் வாங்கியபோது அழகாக யூடியூப் ஓடியதே, இப்போது ஏன் திக்குகிறது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பெட்டி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. மாறியது வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறை.

அந்தச் சுருக்கு முறைக்கு கோடெக் என்று பெயர். 2003இல் வந்த எச்.264 என்ற முறை வெகுகாலம் எங்கும் இருந்தது. அதைப் பிரிப்பதற்கென்றே நம் பழைய சிப்புகளுக்குள் தனிக் கவுன்ட்டர் வைத்திருந்தார்கள். வேலை அங்கே சத்தமில்லாமல் நடக்கும். பிறகு 2013இல் விபி9, 2018இல் ஏவி1 என்று வந்தன. இவை குறைந்த டேட்டாவில் நல்ல படம் தருவதால் யூடியூப் இவற்றுக்கு மாறியது. இன்டெல் சிப்பில் விபி9க்கு முழுமையான கவுன்ட்டர் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1க்குப் பதினோராம் தலைமுறையில். உங்களுடையது ஐ3-3220 என்றால், கோட்டுக்குப் பின் வரும் 3தான் தலைமுறை. அதில் இந்த இரண்டுக்கும் கவுன்ட்டர் கிடையாது. மேனேஜரே எழுந்து வந்து டோக்கன் கொடுக்க வேண்டும். ஒரு நொடிக்கு 30 படம், சில வீடியோவில் 60. மேனேஜர் என்ன செய்வார்? சில படங்களை விட்டுவிடுவார். அதைத்தான் நாம் திக்குகிறது என்கிறோம்.

சந்தேகம் இருந்தால் யூடியூப் ஓடும்போது படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் தட்டுங்கள். ஒரு சின்ன ஸ்டேட்மென்ட் வரும். அதில் "ட்ராப்டு" என்ற சொல்லின் பக்கத்து எண் ஏறிக்கொண்டே போனால் விட்டுப்போன படங்கள் அவ்வளவு. கோடெக்ஸ் என்ற வரியில் ஏவிசி1 என்றிருந்தால் அது பழைய எச்.264, விபி09, ஏவி01 என்றிருந்தால் புதியவை.

பணம் செலவில்லாத மருந்து, தரத்தை 720பிக்கு இறக்குவது. "ஆட்டோ"வில் விடாதீர்கள், நெட் வேகம் கூடினால் அது பெரிய படத்தை அனுப்பப் பார்க்கும், பெட்டி இன்னும் திணறும். தரம் குறையுமே என்று தயங்க வேண்டாம். பல பழைய மானிட்டர்களின் அளவே 1366க்கு 768தான். 720பி என்பது 1280க்கு 720. உங்கள் திரை காட்டக்கூடியது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அடுத்தது, குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் போய் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஃபில் இருந்தால் கவுன்ட்டர் இருந்தும் ஆள் உட்காரவில்லை என்று அர்த்தம். ஏற்கெனவே ஆனில் இருந்தால் ஒருமுறை ஆஃப் செய்து பாருங்கள். டிரைவர் சரியில்லாத சில பெட்டிகளில் அதுவும் பலன் தரும். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் எச்264ஃபை என்ற இலவச எக்ஸ்டென்ஷனைப் போட்டால், யூடியூப் பழைய முறையிலேயே வீடியோவை அனுப்பும். கச்சேரிக்காரருக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது. எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் இப்போது பால் கணக்கு எழுதுகிறார்.

பேத்தி வீடியோ வேறு கதை. வாட்ஸ்அப்பில் வந்தால் ஓடுகிறது, அதையே டிரைவில் அனுப்பினால் திக்குகிறது என்கிறார்கள். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்புகிறது. டிரைவில் வருவது ஒரிஜினல். ஐபோன் எடுப்பது எச்இவிசி என்ற இன்னொரு புது முறை. மகனிடம் சொல்லி போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்த வீடியோக்களை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 720பிக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய பெட்டியில் நேரம் பிடிக்கும். இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்க ஆரம்பித்தால் சூடு. ஃபேனில் தூசி அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதுங்கள். ஈரத்துணி கூடாது. லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துப் பார்ப்பவர்கள், பலகை ஒன்றை அடியில் வையுங்கள்.

எஸ்எஸ்டி போட்டால் சரியாகுமா என்று போன வாரம் லிஃப்டில் ஒருவர் கேட்டார். கம்ப்யூட்டர் சீக்கிரம் எழுந்திருக்கும், ஃபைல் சட்டென்று திறக்கும், நல்ல செலவுதான். ஆனால் கோடெக் கவுன்ட்டரை அது கொண்டுவராது.

வங்கிக்காரன் என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "உங்கள் டிரைவர் பழுதாகிவிட்டது, இங்கே தட்டுங்கள், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று திரையில் ஏதாவது குதித்தால் தொடாதீர்கள். ரிப்பேர் செய்கிறேன் என்று எனிடெஸ்க், டீம்வியூவர் போடச் சொல்லி உள்ளே வந்து, கணக்கைத் துடைத்துவிடுவார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் வீடியோ பாருங்கள், ஆட்சேபமில்லை. அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. நெட் பேங்கிங்கை அதில் செய்யாதீர்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கிளப் ஹவுஸில் இருப்பேன். லேப்டாப் கொண்டுவருகிறவர்கள் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். பெரிய பெட்டிக்காரர்கள் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திரையைப் போனில் படம் எடுத்து வந்தால் போதும்.