இறுகிய மரையாணி



அலிபிரி என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது திருமலையின் அடிவாரம். நடந்து ஏறுவோரில் பலரும் வண்டியில் ஏறுவோரும் இங்கிருந்து புறப்படுகின்றனர். 1944இல் முதல் மலைச்சாலையும் 1974இல் இரண்டாவது சாலையும் திறக்கப்பட்டன. இன்று இரண்டாவது சாலை வழியே ஏறி, முதற்சாலை வழியே இறங்குகின்றோம். வளைந்து வளைந்து இறங்கும் அச்சாலையில் நம்மைக் காப்பவை குறைந்த கியரும் பழுதற்ற பிரேக்குமே.

சென்ற மழைக்காலத்தில் மும்பையிலிருந்து நம் மருமகன் குடும்பத்துடன் காரில் வந்து, அலிபிரிக்கு அருகிலுள்ள நம் இல்லத்தில் தங்கினார். "விடிந்தால் மலைக்குப் போக வேண்டும், பிரேக்குக் கட்டைகளைப் பார்த்துவிடுவோம், மாமா" என்றார். நல்ல எண்ணந்தான். ஆனால் கட்டைகளைக் கவ்வி நிற்கும் காலிப்பரின் போல்ட் ஒன்று அசைய மறுத்தது. நாம் என்ன செய்தோம்? ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகி, இருவருமாகச் சேர்ந்து அழுத்தினோம். 'டக்' என்றது. கழன்றது என்று மகிழ்ந்தோம். தலை மட்டும் கையோடு வந்தது, உடல் உள்ளேயே தங்கிவிட்டது!

பிழை எங்கே? இரும்பு துருவாகும்போது, தான் இருந்த இடத்தைவிட மிகுதியான இடத்தைக் கேட்கிறது. மரைகளுக்கு இடையேயுள்ள நூலிழை இடைவெளியைத் துரு நிரப்பி, ஆப்புப் போல் இறுக்கிவிடுகிறது. கடற்காற்றின் உப்பும், பிரேக்கின் சூடும், மழையின் ஈரமும் மாறி மாறிப் பட்டால் கேட்கவே வேண்டாம். இந்தப் பகையை வெல்வது வலிமையன்று, பொறுமையே.

முதலில் வெளியே தெரியும் மரையைக் கம்பித் தூரிகையால் துப்புரவாகத் தேய்க்க வேண்டும். பிறகு துரு இளக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு, இரவு முழுதும் ஊறவிடுதல் நன்று. அவ்வெண்ணெய் பிரேக்குக் கட்டையிலோ வட்டிலோ படலாகாது. காலையில் போல்ட்டின் தலையைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், துருவில் வெடிப்பு விழுந்து எண்ணெய் உள்ளே இறங்கும். ஆறு முகங்களையும் சரியாகப் பற்றும் சாக்கெட்டைக் கொண்டு, முதலில் இம்மியளவு இறுக்கிப் பின்னர்த் தளர்த்துக. சிறிது அசைந்ததும் ஒரேயடியாகச் சுழற்றாமல், முன்னும் பின்னுமாகத் திருப்பி மீண்டும் எண்ணெய் விடுக.

நட்டைச் சூடேற்றினால் அது விரிந்து பிடி தளரும் என்பது உண்மை. ஆயினும் பிரேக்கு அருகே இரப்பர்க் குழாய்களும் திரவமும் இருப்பதால், அங்கே நெருப்பு வைப்பது நம் வேலையன்று. தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. மேலும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே செல்லலாகாது. தாங்கிகள் வேண்டும். சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட்டுப் பின்னர் வண்டியைத் தூக்குவதே முறை.

ஒருமுறை மரை நைந்த போல்ட்டை, 'இப்போதைக்குப் போதும்' என்று பிரேக்கில் மீண்டும் பூட்டுதல் கூடாது. அதே வலிமையுள்ள புதியதைப் பொருத்தி, வண்டியின் கையேட்டில் கண்ட அளவே முறுக்க வேண்டும். எந்த மரைக்கு மசகு இடலாம், எதற்கு ஆகாது என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்க.

மறுநாள் கார் முற்றத்திலேயே நின்றது. மூன்று போல்ட்டுகள் சரியாகத்தானே இருக்கின்றன, மெதுவாகப் போய்வரலாமே என்ற யோசனை மருமகனுக்கு எழாமலில்லை. குழந்தைகளின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கைவிட்டார். நாங்கள் அலிபிரிப் படிகளில் நடந்தே ஏறினோம். முழங்கால் வலித்தது உண்மை, மனத்தில் அச்சமில்லை.

நெடுந்தொலைவிலிருந்து ஊருக்குப் புறப்படும் அன்பர்களே! பிரேக்கைப் பார்ப்பதைப் பயணத்திற்கு முந்தின மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் முன்னதாகப் பாருங்கள். இறுகிய போல்ட்டுக்கு ஓரிரவு கொடுக்க நமக்கு நேரமிருந்தால், அது நமக்கு ஒரு பயணத்தைத் திருப்பித் தரும்.