இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை

(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில், கோடை விடுமுறைக் கைத்தொழில் வகுப்பை நடத்திய குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த மேசையில் இருக்கும் சின்னப் பாய்க்கப்பலை நீங்கள் முன்பே பார்த்திருக்கிறீர்கள். மே மாதக் கடைசியில் நடந்த கண்காட்சியில் இதே மேசையில்தான் இருந்தது. பிள்ளைகளின் கைவேலையைப் பலரும் மனமாரப் பாராட்டினீர்கள். அந்தக் கப்பலை இன்று மறுபடியும் கொண்டு வந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்று நீங்கள் பார்த்த கப்பலில் ஒரு கோணல் இருந்தது. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தோம். அதை உங்கள் முன்னால் சொல்லிவிடத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

வகுப்பு தொடங்கியபோது, "தளவாய்புரத்தில் கப்பல் எதற்கு? இங்கே கண்மாயில் தண்ணீர் நிற்பதே அபூர்வம்" என்று சிரித்தவர்கள் உண்டு. நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பல் கட்டியபோதும் பார்த்தவர்கள் கேலிதான் செய்தார்கள் என்று நாங்களும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டோம். ஆனால் அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் சொல்லத்தான் வேண்டும்.

கப்பல் நம் சமுதாயத்துக்கு அந்நியமான பொருள் அல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் மக்கள் பாய்க்கப்பலில் வாணிபம் செய்து வாழ்ந்தவர்கள். நாகூர் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து வரும் ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்களைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கேரளத்தில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில், சாலியாறு கடலில் சேரும் இடத்தில் பேப்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 'உரு' என்னும் பெரிய மரக்கப்பல்களை இன்றும் கையால் கட்டுகிறார்கள். தலைமைத் தச்சர் காகிதத்தில் வரைபடம் போடுவதில்லை. முழுக் கப்பலின் அளவும் அவர் மனதுக்குள் இருக்கும். கட்டி முடித்த கப்பலைக் கரையிலிருந்து தண்ணீருக்கு இறக்குபவர்கள் 'கலாசிகள்' எனப்படும் மாப்பிள்ளை முஸ்லிம்கள். வடமும் கப்பியும் உருளைக்கட்டையும் மட்டும்தான் அவர்களுடைய கருவிகள். 1988இல் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்த ரயில் பெட்டிகளை வெளியே எடுக்கும் வேலைக்கு இவர்களும் அழைக்கப்பட்டார்கள். பெரிய உருவுக்கு ஆர்டர் குறைந்துவிட்ட இந்தக் காலத்தில், அதே உருவைச் சின்னதாகச் செய்து பரிசுப் பொருளாக விற்பதும் அங்கே ஒரு தொழிலாகியிருக்கிறது. நம் பிள்ளைகளும் அந்தச் சின்ன உருவைச் செய்து பழகட்டும் என்று நினைத்தோம்.

கடையில் பெட்டியாகக் கிடைக்கும் துண்டுகளை வாங்கி ஒட்டுவது ஒரு வகை. நாங்கள் எடுத்துக்கொண்டது அதுவல்ல. ஒவ்வொரு துண்டையும் மரத்திலிருந்து நாமே அறுத்து, சீவி, தேய்த்துச் செய்வது. 25 மீட்டர் உரு ஒன்றை 50இல் ஒரு பங்காகக் குறைத்தால் 50 சென்டிமீட்டர் வரும். நிஜக் கப்பலில் ஒரு மீட்டர் நமக்கு 2 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்தில் விகிதக் கணக்கு என்றாலே ஓடும் பிள்ளைகள் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை நாள் முழுக்கப் போட்டார்கள்.

மரம் வாங்கக் காசு செலவில்லை. நம் ஊர்த் தச்சுப் பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகள் கிடைத்தன. அந்தப் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்திருந்த ஆசாரி அண்ணாச்சியே வந்து கற்றுக்கொடுத்தார். "கூலி வேண்டாம் பாய், பொழுது போகும்" என்றார். பாய்க்குத் துணி, நம் ஊர் நைட்டிக் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய வெள்ளை லைனிங். டீ டிகாக்சனில் முக்கிக் காயவைத்தால் பழைய பாயின் நிறம் வந்துவிடுகிறது. கயிற்றுக்குத் தையல் நூல். தேன்மெழுகுக் கட்டியில் நூலை இரண்டு தடவை இழுத்தால் பிசிறு அடங்கி, நிஜக் கயிறு போல நிற்கிறது. இந்தப் பகுதியைப் பெண்பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் தையல் மிஷின் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஆயிற்றே, முடிச்சுப் போடுவதில் எங்களுக்கே பாடம் நடத்தினார்கள்.

இனி எங்கள் தவறுக்கு வருகிறோம்.

கப்பலின் அடியில் முன்னிருந்து பின் வரை ஓடும் கட்டைக்கு ஏரா என்று பெயர். அதுதான் கப்பலின் முதுகெலும்பு. அதன்மேல் விலா எலும்பு போல வங்குகள் நிற்கும். வங்குகள்மேல் பலகை பொருத்தினால் உடல் உருவாகும். எங்கள் பலகை என்பது 5 மில்லிமீட்டர் அகலச் சீவல். ஒரு பக்கத்துக்கு 20. கப்பலின் நடுவில் ஒரு பக்கத்துச் சுற்றளவு 100 மில்லிமீட்டர் என்றால் 20 பலகை சரியாக உட்காரும். முனைப்பக்கம் கப்பல் ஒடுங்குகிறது. அங்கே சுற்றளவு 60தான். ஆகவே ஒவ்வொரு பலகையும் நடுவில் 5 மில்லிமீட்டரும் முனையில் 3 மில்லிமீட்டருமாகச் சீவப்பட வேண்டும். பிறகு வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, ஃபெவிகால் தடவி, துணிக் கிளிப்பும் ரப்பர் பேண்டும் போட்டுப் பிடிக்க வேண்டும்.

இதில் ஒரு விதி உண்டு. அண்ணாச்சி முதல் நாளே சொன்னார்: "இடப்பக்கம் ஒரு பலகை வச்சா, அடுத்தது வலப்பக்கம் வைக்கணும் தம்பி. ஒரே பக்கமா ஏத்திக்கிட்டுப் போகக் கூடாது." காரணம் எளியது. ஈரப் பலகை காயும்போது சுருங்கும். சுருங்கும்போது ஏராவைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் ஏரா நேராக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வில்லாக வளைந்துவிடும்.

நடந்தது என்ன? வலப்பக்கம் வேலை செய்தவர்கள் பெரிய பையன்கள், வேகம் அதிகம். இடப்பக்கம் சின்னப் பிள்ளைகள். அண்ணாச்சி உடம்பு முடியாமல் நான்கு நாள் வரவில்லை. கண்காட்சிக்குத் தேதி குறித்து, அழைப்பும் கொடுத்தாகிவிட்டது. "வலப்பக்கத்தை முடித்துவிடுங்கள், இடப்பக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர்கள் நாங்கள்தான்.

இரண்டாம் நாள் ஒரு பையன் எங்களிடம் வந்தான். பத்தாம் வகுப்பில் தவறி, துணிக்கு இஸ்திரி போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன். வேலை முடிந்து சாயங்காலம்தான் வகுப்புக்கு வருவான். முனைக்கும் பின்பக்கத்துக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினான். "மாமா, ஏரா நூலுக்கு ஒட்டலை. நடுவுல விலகுது" என்றான். பார்த்தோம். விலகித்தான் இருந்தது, ஒரு நெல் அகலம். "இவ்வளவுதானே, மேலே பட்டி பூசினால் தெரியாது. நீ போய் வேலையைப் பார்" என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை.

அந்த நெல் அகலம் பலகை ஏற ஏற வளர்ந்தது. பாய்மரம் நட்டபோது அது ஒரு பக்கம் சாய்ந்தது. அடியில் சீவல் முட்டுக்கொடுத்தோம். பட்டி பூசி, தேய்த்து, வார்னிஷ் அடித்தோம். நல்ல பக்கத்தை உங்கள் பார்வைக்குத் திருப்பி வைத்தோம். நீங்கள் பாராட்டினீர்கள். பரிசு வாங்க அந்தப் பையனின் பெயரைக் கூப்பிட்டபோது அவன் வரவில்லை.

மறுநாள் அவனைத் தேடிப் போனோம். "கோணல்னு தெரிஞ்ச பொருளுக்குப் பரிசு வாங்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு மாமா. நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றான். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளியில் அவனுக்கு மதிப்பெண் வரவில்லை என்பதால், அவன் கண் பார்த்ததை நாங்கள் மதிக்கவில்லை. உண்மை அதுதான். மன்னிப்புக் கேட்டோம். கப்பலைப் பிரித்துவிடலாம் என்று அவன்தான் சொன்னான்.

பிரிப்பது கட்டுவதைவிடக் கஷ்டம். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, ஃபெவிகால் இளகியதும் பிளேடால் ஒவ்வொரு பலகையாகக் கழற்ற வேண்டும். வளைந்த ஏரா உதவாது என்று அண்ணாச்சி தூக்கிப் போட்டுவிட்டார். புது ஏரா, பாதிக்கு மேல் புதுப் பலகை. இந்தத் தடவை அந்தப் பையன் நூல் பிடித்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அடுத்த பலகை ஏறவில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பாய்மரம் நேராக நிற்கும். பட்டி பூசவில்லை, அங்கங்கே பலகை இடுக்கு தெரியும். அது இருக்கட்டும் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு நிஜக் கப்பலின் செய்தியைச் சொல்ல வேண்டும். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே, ஒன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய ஒரு கப்பல் கிடைத்தது. ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அரபுக் கப்பல் வகை அது. சுமார் 60,000 சீனப் பீங்கான் பொருட்கள் அதில் இருந்தன. அதே முறையில் ஒரு கப்பலை ஓமன் நாட்டில் புதிதாகக் கட்டினார்கள். கிடைத்தது உடைந்த பகுதிகள்தான் என்பதால், முதலில் சின்ன மாதிரிகள் செய்து பார்த்தே வடிவத்தை முடிவு செய்தார்கள். நம் பிள்ளைகள் செய்தது போன்ற வேலைதான் அதுவும். கேரளத்துக் கைவினைஞர்களும் பலகை தைக்கும் வேலையில் கலந்துகொண்டார்கள். 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்ற பொருளில் பெயர் சூட்டப்பட்ட அந்தக் கப்பல் 2010 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, கொச்சி வழியாக இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு வந்தது. அங்கே பாய்மரங்களில் பழுது இருப்பது தெரிந்தது. சிங்கப்பூரில் வரவேற்புக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவர்கள் அப்படியே புறப்பட்டுவிடவில்லை. அங்கேயே தங்கி, புதிய மரம் தேடி, பாய்மரங்களை மாற்றிக்கொண்டுதான் வங்கக்கடலில் இறங்கினார்கள். ஜூலையில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் பட்டி பூசிய இடத்தில் அவர்கள் மரத்தையே மாற்றினார்கள். கடலில் போகிற கப்பலுக்குப் பட்டி உதவாது.

பெரியோர்களே, இது ஒரு பொம்மைக் கப்பலின் கதை மட்டும் என்றால் உங்கள் நேரத்தை எடுத்திருக்க மாட்டோம். நம் வீட்டில், தொழிலில், இந்த அறக்கட்டளையில் கூட, ஒரு நெல் அகலக் கோணல் எங்காவது வரத்தான் செய்யும். அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் நம்மைவிடச் சின்னவராக இருப்பார். கடைசி வரிசையில் இருப்பவராகவோ, அதிகம் படிக்காதவராகவோ இருப்பார். "தேதி குறித்தாகிவிட்டது, நீ போய் வேலையைப் பார்" என்று அவரை அனுப்பிவிட்டால், அடுத்த தடவை அவர் நூல் பிடித்துப் பார்க்க மாட்டார். கோணல் கப்பலைப் பிரித்துக் கட்டிவிட்டோம். அப்படி வாய் மூடிப்போன பிள்ளையைத் திரும்ப அழைத்து வருவது அவ்வளவு எளிதல்ல. எங்களுக்கு அல்லாஹ் ஒரு வாய்ப்பைக் கொடுத்தான், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பையன் இப்போது வாரம் இரண்டு நாள் ஆசாரி அண்ணாச்சியிடம் வேலை பழகுகிறான். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதவும் சம்மதித்திருக்கிறான். தேர்வுக் கட்டணத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கணக்குப் பாடம் மட்டும் பயம் என்கிறான். விகிதக் கணக்கு தனக்கு வரும் என்பது அவனுக்கே இன்னும் முழுசாகத் தெரியவில்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கைத்தொழில் தெரிந்த பெரியவர்கள், தச்சரானாலும் தையல்காரரானாலும் கட்டிங் மாஸ்டரானாலும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து உட்காருங்கள். பேப்பூர்த் தச்சரின் கணக்குப் போல, உங்கள் கையில் இருப்பதும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். அடுத்தது, பிள்ளைகளை அனுப்புங்கள். மதிப்பெண் வாங்குகிற பிள்ளையையும் அனுப்புங்கள், வாங்காத பிள்ளையையும் அனுப்புங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று சேர்த்துக்கொள்கிறோம்.

நம் பிள்ளைகளின் கைகளில் வல்லல்லாஹ் பரக்கத் செய்வானாக. கோணலைக் கோணல் என்று சொல்லும் துணிவை அவர்களுக்கும், அதைக் கேட்டுக்கொள்ளும் மனதை நமக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.