கடை ஆங்கிலமும் கல்லூரி ஆங்கிலமும்

(சங்கத்தின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி நடந்த கல்வி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



கல்வி பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அழைத்தபோது, "அண்ணே, மேடையில் முனைவர்கள் இருக்கிறார்கள். வெங்காய மூட்டை விற்கிறவன் என்ன பேசுவது?" என்று கேட்டேன். "நீ படித்ததைப் பேச வேண்டாம், பட்டதைப் பேசு" என்றார். அதனால் பட்டதைப் பேச வந்திருக்கிறேன்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். தொடக்கப்பள்ளி முதல் பலதுறைத் தொழிற்கல்லூரி வரை எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். தளவாடத் துறையில் பட்டயம் வாங்கி, தேசிய சேவை முடித்து, ஓராண்டு அத்தா கடையில் நின்றுவிட்டு, பட்டப்படிப்புக்கு இங்கிலாந்து போனேன். நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொண்டார்கள். என்னிடம் ஐஎல்ட்ஸ் கூடக் கேட்கவில்லை. சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் படித்தவன் என்பதே போதுமாக இருந்தது.

முதல் வாரம் ஒரு தாள் கொடுத்தார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் புதன்கிழமை பிற்பகலில் கல்விசார் ஆங்கில வகுப்பு, கட்டணம் இல்லை, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று இருந்தது. அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது சீனாவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்தவர்களுக்கு, நமக்கெதற்கு என்று நினைப்பு. கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளரோடு "கேன் லா, ஓகே லா" என்று பேசியதும் ஆங்கிலம்தானே!

முதல் கட்டுரை 2,500 சொற்கள். நான்கு புத்தகங்களையும் ஏழெட்டு இணையப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தேன். நல்ல நல்ல வரிகளாகப் பொறுக்கி, அங்கங்கே சொல்லை மாற்றி, கோத்துக் கொடுத்தேன். அதை நான் உழைப்பு என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பிறர் எழுத்தை உன் எழுத்தாகக் காட்டியிருக்கிறாய், விசாரணைக் குழுவின் முன் வா என்று. திருடன் என்ற சொல் அதில் இல்லை. எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

அந்தக் கட்டுரைக்குப் பூஜ்யம். அதன்பிறகு எழுதவே பயம் வந்துவிட்டது. அடுத்த கட்டுரையில் எதற்கெடுத்தாலும் மேற்கோள் குறி போட்டேன். "எல்லாரும் சொன்னது இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார் விரிவுரையாளர். ஆண்டு முடிவில் மூன்று பாடங்கள் போயின. மறுபடி எழுத வாய்ப்பு இருந்தது. நான் எழுதவில்லை, விமானம் ஏறிவிட்டேன்.

"அத்தாவுக்குக் கடையில் ஆள் இல்லை, அதனால் பையன் படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டான்" என்றுதான் இந்த மண்டபத்தில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நாங்களாகச் சொன்னது. அத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மேடையில் சொல்லட்டுமா என்று நேற்றிரவு கேட்டேன். "பணம் போனது போனதுதான், சொல்லிவிடு" என்றார்.

அந்தப் புதன்கிழமை வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இலக்கணம் இருக்கும், ஆனால் அதுவே பாடம் இல்லை. ஒருவர் எழுதிய பத்தியைப் படித்து, புத்தகத்தை மூடிவைத்து, அதன் கருத்தைத் தன் சொல்லில் எழுதி, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் பக்கத்தில் போடப் பழக்குவார்கள். மதரஸாவில் ஹதீஸ் ஓதிய பிள்ளைகளுக்கு இது புதிதே இல்லை. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டு அறிவித்தார் என்று அறிவிப்பாளர் வரிசை சொல்லாமல் உஸ்தாத் ஒரு செய்தியை ஏற்றுக்கொள்வாரா? அங்கே ஓதியதை இங்கே பொருத்திப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, அளந்து பேசுவது. வியாபாரத்தில் நாம் "மிளகாய் விலை அடுத்த மாதம் ஏறும், இப்பவே எடுங்கள்" என்று அடித்துச் சொல்வோம். பல்கலைக்கழகத்தில் அப்படி எழுதினால் மதிப்பெண் போகும். "ஏறக்கூடும் என்று இந்த விவரங்கள் காட்டுகின்றன" என்று எழுத வேண்டும். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. கையில் இருக்கும் ஆதாரம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பேச்சு என்பது அதன் கணக்கு.

சொல் விஷயமும் உண்டு. நியூசிலாந்தில் அவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல்களையும் கட்டுரைகளையும் அலசி, 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். எந்தத் துறைப் புத்தகத்தை எடுத்தாலும் ஏறக்குறைய பத்துச் சொல்லில் ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கும். கடையில் நின்றால் அந்தச் சொற்கள் காதில் விழாது. தொலைக்காட்சி நாடகத்திலும் அதிகம் வராது.

"ஐஎல்ட்ஸ் பாஸ் பண்ணிவிட்டால் போதாதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதன் எழுத்துத் தேர்வு 60 நிமிடம். ஒன்று 150 சொல், இன்னொன்று 250 சொல். ஒரு புத்தகத்தையும் படிக்க வேண்டாம், யார் சொன்னதையும் எடுத்துக்காட்ட வேண்டாம். அது வாசலைத் திறந்துவிடும். உள்ளே போனபின் நடப்பது வேறு.

இதெல்லாம் இங்கிலாந்தில் மட்டும் உள்ளதல்ல. நம் பிள்ளைகள் பலர் போகும் கோம்பாக் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் தகுதித் தேர்வு உண்டு. தேறாதவர்கள் முதலில் மொழி வகுப்பில் உட்கார வேண்டும். நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் தகுதித் தேர்வு எழுதச் சொல்லி, தேவைப்பட்டவர்களைக் கல்விசார் ஆங்கிலப் பாடத்தில் சேர்க்கிறார்கள்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஊரில் இருக்கும் என் அக்கா மகன். திருநெல்வேலியில் பட்டம் முடித்தவன், இங்கிலாந்தில் முதுகலைக்கு விண்ணப்பித்தான். கேட்டது 6.5, அவன் வாங்கியது 6, எழுத்தில் 5.5. இடம் தருகிறோம், படிப்பு தொடங்குமுன் கோடையில் 10 வாரம் ஆங்கில வகுப்புக்கு வந்து தேற வேண்டும் என்று கடிதம் வந்தது. மச்சான் கொதித்துவிட்டார். "என் பையனுக்கு இங்கிலீஷ் தெரியாதா? இது பணம் பிடுங்குகிற வேலை. அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை எழுதட்டும்" என்றார். அவர் கோபத்தில் பாதி நியாயம். அந்த 10 வாரத்துக்குத் தனிக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் நம் குடும்பங்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

அன்றிரவு தொலைபேசியில் மச்சானிடம் என் கதையை முதல் தடவையாகச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வகுப்பு உனக்கு இலவசமாகவா கிடைத்தது?" என்று மட்டும் கேட்டார்.

பையன் போனான். தன் துறையிலேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதி, மூன்று தடவை திருத்து வாங்கினானாம். வாரம் ஒருமுறை எழுந்து நின்று பேச வேண்டும், அடுத்தவர் பேச்சில் மரியாதையாகக் குறுக்கிட்டு மறுக்கவும் வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும் அழுதுகொண்டு போன் செய்தான். மூன்றாவது வாரம் போன் குறைந்தது. இப்போது முதல் பருவம் முடித்திருக்கிறான். முதல் இடமெல்லாம் வாங்கவில்லை, எல்லாப் பாடத்திலும் தேறியிருக்கிறான். எனக்கு அது போதும்.

இனி சங்கத்திடம் ஒரு கோரிக்கை. நம் கல்வி உதவிநிதி விண்ணப்பப் படிவத்தில் "பல்கலைக்கழகப் பாடக் கட்டணம்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. ஆயத்த ஆங்கில வகுப்புக் கட்டணத்தை எழுத இடமில்லை. அக்கா மகனுக்காக நான் விசாரித்தபோது, அது படிப்புச் செலவில் சேராது என்று பதில் வந்தது. விதி அப்படி, அலுவலகத்தில் இருந்த அண்ணன்மேல் குறை இல்லை. அந்தப் படிவத்தில் ஒரு வரி கூட்டும்படி அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் ஆண்டு ஒரு மாணவருக்கான செலவில் பாதியை எங்கள் கடை ஏற்கும். அத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

யார் வீட்டிலாவது இப்படிப்பட்ட நிபந்தனைக் கடிதம் வந்திருந்தால் எடுத்து வாருங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சாப்பாட்டு மேசைப் பக்கம் நிற்பேன், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.