பள்ளிக் கட்டடமும் பங்கின் பொறுப்பும்

(யூபிலி விழாக் கருத்தரங்கில் பள்ளிக் கட்டடக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் எதையேனும் புதிதாகக் கட்ட வேண்டும் என்ற ஆவல் நம் எல்லாருக்கும் எழுகிறது. அலங்கார வளைவு, மாதா கெபி, மணிக்கூண்டு, பள்ளிக்கு இன்னொரு மாடி என்று பலரும் பல யோசனைகளைச் சொன்னீர்கள். ஆசை தவறன்று. ஆனால் பள்ளிக் கட்டடத்தைப் பார்வையிட்டுச் சொல்லும் பொறுப்பை எங்களிடம் ஒப்படைத்தவர்களும் நீங்கள்தாம். யூபிலி நிதியின் முதல் பங்கு புதிய மாடிக்கன்று, இருக்கிற கட்டடத்தைச் செப்பனிடுவதற்கே போக வேண்டும் என்று கேட்கவே இங்கே நிற்கிறோம். கல்வெட்டில் யார் பெயரும் வராத வேலை இது. ஆகவேதான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தின் அருமையை நம் ஊருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1888-இல் இவ்வூரில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் முதலில் எழுத்தறிந்தது இந்த மலையடிவாரத்தில்தான். பின்னர் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையும் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஊர் இது. அப்படி நம்மை நம்பி அனுப்பப்படும் பிள்ளைகளின் தலைக்கு மேல் உள்ள கூரையைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

சில துயரங்களை நினைவுகூராமல் இந்தப் பேச்சு நடக்காது. 1964-இல் மதுரையில் சரஸ்வதி பள்ளிக் கட்டடம் இடிந்து விழுந்து முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் மாண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டில்தான், 1965-இல், பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் பெற வேண்டும் என்னும் சட்டம் நம் மாநிலத்தில் வந்தது. இன்று தாசில்தார் அலுவலகத்துக்கு நாம் எடுத்துச் செல்லும் கட்டட உரிமத்துக்கும், பொறியாளரிடம் வாங்கும் கட்டட உறுதிச் சான்றுக்கும் அச்சட்டமே அடிப்படை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சத்துணவு சமைத்த இடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று 2009-இல் உச்ச நீதிமன்றமும் கூறியது.

எனினும் 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் நடந்ததே எங்களை அதிகம் உறுத்துகிறது. அது நம்மைப் போன்றே கிறிஸ்தவர்கள் நடத்தும், நீண்ட பாரம்பரியமுள்ள பள்ளி. இடிந்தது வகுப்பறையன்று, கழிப்பறையின் மறைப்புச் சுவர். மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். போதிய அடித்தளமின்றி எழுப்பிய சுவர் என்று அப்போது செய்திகள் வந்தன. பெரிய கட்டடத்துக்கு வரைபடம் போடுகிறோம், பொறியாளரை அழைக்கிறோம், மந்திரிக்க ஆயரையும் அழைக்கிறோம். கழிப்பறைச் சுவர், சைக்கிள் கொட்டகை, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை மட்டும் 'மீதிக் கல்லிலே முடித்துவிடலாம்' என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் ஆசிரியர் கண்ணில் படாமல் கூடுகிற இடங்களோ அவைதாம்! ஆகவே எங்கள் பார்வையிடலையும் அங்கிருந்தே தொடங்கினோம்.

பழைய கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறோம். தேக்கு உத்திரங்களின்மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையிட்டு, செங்கல் ஜல்லி அடித்து, மேலே தட்டோடு பதித்த தளம் அது. மதராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். இதை இடித்துவிட வேண்டும் என்று சிலர் கருதுகிறீர்கள். முறையாகப் பேணினால் இவ்வகைக் கட்டடம் தலைமுறைகளைத் தாங்கும். அதற்குப் பகை இரண்டு: உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையுமிடத்தில் தங்கும் ஈரம், கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்று. கன்றைக் கிள்ளிப் போட்டால் வேர் உள்ளேயே இருந்து மறுபடி தழைக்கும். வேரோடு எடுத்து, பிளவைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். சுண்ணாம்பால் அடைக்க என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவரை அரிக்கும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கட்டடத்தைக் கெடுப்பது இப்படித்தான்.

கான்கிரீட் கட்டடத்துக்கு வேறு நோய். தளத்தில் மழைநீர் தேங்கி உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். சீலிங்கில் பூச்சு உதிர்ந்தால் அது வெறும் பூச்சு உதிர்வதன்று, கம்பி விடுக்கும் எச்சரிக்கை. அதன்மேல் திருவிழாவுக்கு வெள்ளையடித்து மறைப்பது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம். தளர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, பிறகே புதிதாகப் பூச வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் என்ன செய்வதென்று பொறியாளர் சொல்ல வேண்டும், கொத்தனார் அல்ல. சுவரில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

மாடி கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: கீழ்த்தளத்தின் அடித்தளம் எத்தனை மாடிக்கு என்று போடப்பட்டது? அதற்கான வரைபடம் கையில் இருக்கிறதா? இல்லையென்றால், மண்ணையும் அடித்தளத்தையும் சோதிக்காமல் ஒரு செங்கல்லும் மேலே ஏறக்கூடாது. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுபவனைப் பற்றி ஆண்டவர் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான். இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் இன்னும் நேரடியான கட்டளை உண்டு. புது வீட்டின் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் எவனாவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்கிறது. திருநூலிலேயே கட்டட விதி இருப்பதை நாமும் இந்தப் பணியை ஏற்ற பிறகுதான் கவனித்துப் படித்தோம்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக்கூடாது. கோடையில் மாநிலத்திலேயே அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருகிறது; 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே அதிசயமன்று. புதிய வகுப்பறை எழுப்பும் நாள் வந்தால், நீளவாட்டில் கிழக்கு மேற்காக அமைத்து, சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக வைக்க வேண்டும். மேற்குச் சுவரில் வெயில் நேரே விழாதபடி தாழ்வாரமோ மரமோ இருக்கட்டும். இருக்கிற கட்டடத்துக்குப் பங்குனி பிறக்குமுன் மேல்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே வெக்கை குறையும். சில மூட்டைச் சுண்ணாம்பும் இரண்டு நாள் உழைப்பும் போதும். கண்ணாடி பதித்த முகப்பு அழகாயிருக்கலாம். பிற்பகல் கணக்குப் பாடத்துக்கு அது உதவாது.

திட்டமிடும்போது யாரைக் கேட்பது? பொறியாளரை அவசியம் கேட்க வேண்டும். ஆனால் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகும், எந்தப் படிக்கட்டில் மணியடித்ததும் நெரிசல் என்பதெல்லாம் பள்ளியைப் பெருக்கும் அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்பதை ஓர் ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார். எந்த வரைபடத்திலும் இவை கிடையா.

நம் ஊர் மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாள்களைக் குறிக்கும் என்பார்கள். ஆண்டிறுதியில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமமிட்டுப் பூசை செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு படியையும் விடாத அந்தக் கவனம் நம் அண்டை வீட்டாருக்கு இருக்கிறது. நமக்கோ திருவிழாவுக்கு முந்தின வாரம் மட்டும் கட்டடம் கண்ணில் படுகிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பள்ளிக்கு ஒரு பராமரிப்புப் பதிவேடு வேண்டும். எது, எப்போது, யாரால், என்ன செலவில் பழுதுபார்க்கப்பட்டது என்பதைத் தலைமையாசிரியர் எழுதி வைக்கட்டும். யூபிலி நிதியில் ஒரு பகுதியை வங்கியில் வைப்புத் தொகையாக்கி, அதன் வட்டியைக் கட்டடப் பராமரிப்புக்கு மட்டுமே செலவிட வேண்டும். பிற செலவுக்குத் தொடக்கூடாது. மூன்றாவதாக, புரட்டாசியில் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்பே, மேல்தளத்தையும் வடிகால் குழாய்களையும் நாமே ஏறிப் பார்த்துச் சருகு நீக்க வேண்டும்.

மின்கம்பிகளைச் சோதிக்கத் தகுதிபெற்ற எலக்ட்ரீஷியன்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். கொத்தனார்களும் தச்சர்களும் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் முதல் வேலை கழிப்பறைச் சுவரும் தாழ்ப்பாள்களும். வர இயன்றவர்கள் இன்று திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் வைத்திருக்கும் நோட்டில் பெயரையும் தொழிலையும் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏணி உள்ளவர்கள் அதையும் எழுதுங்கள்; பள்ளியில் இருக்கும் ஏணிக்கு இரண்டு படி இல்லை.